அன்பரசியின் புராஜக்ட் பாட்டில்

விருத்தகிரி போட்ட கோலம் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோலம் மாதிரி இருந்தது. மற்ற நாட்களில் கோழி கிளறிவிட்டுப் போன இடம் போலிருக்கும். இன்றைக்கு மாவு விரலிடுக்கிலிருந்து நிதானமாக இறங்கியது. இழை எங்கேயும் அறுபடவில்லை. எதிர்வீட்டுச் செல்வநாயகி வாளியைக் கீழே வைத்துவிட்டு, பரவாயில்லையே, ஆம்பளைக் கைக்கும் கோலம் வருதே என்று பாராட்டினாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அவள் இந்த வீட்டுக்கு வந்தால் கோலமாவோ சர்க்கரையோ ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். வாங்கியது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. நேற்றுச் சாயங்காலம்கூட டப்பாவிலிருந்த கோலமாவை வழித்துக்கொண்டு போயிருந்தாள். அலமாரியின் பின்வரிசையில் இன்னொரு பாட்டில் இருந்ததால் விருத்தகிரி பிழைத்தான்.

அந்த பாட்டிலைத் திரும்ப வைக்கப் போனபோதுதான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தான். வெள்ளைத் தாள் ஒட்டி, சிவப்பு மையில் அவன் மனைவி அன்பரசி எழுதியிருந்தாள்: "எம்.எஸ்சி. புராஜக்ட். யாரும் தொடக் கூடாது."

பாட்டில் காலி. அன்றைக்கு அன்பரசிக்கு வைவா என்பதால், வாசலை அடைத்துப் பெரிய கோலமாகப் போட்டுவிட்டிருந்தான்.

வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். இரண்டு வருடம் படித்த வேதியியலையும் செய்த ஆராய்ச்சியையும் குடைந்து குடைந்து கேட்பார். அவர் தலையாட்டினால்தான் பட்டம். ஈயம் கலக்காமல் பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு தயாரிப்பது அன்பரசியின் ஆராய்ச்சி. கண்ணாடி அணிந்துகொண்டு ராத்திரியெல்லாம் அவள் வெள்ளைப் பொடிகளைப் பற்றிப் படித்ததை அவன் பார்த்திருக்கிறான். அந்தப் படிப்பைத்தான் இப்போது வாசலில் இழுத்து வைத்திருந்தான்.

வேறு யாருடைய படிப்பாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். கல்யாணத்துக்காக எம்.எஸ்சி. சீட்டை விட்டுவிட்டு வந்தவள் அவள். செராமிக் கம்பெனிகளிலிருந்து ஜங்ஷனுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் அவனுடைய லோடு ஆட்டோ ஒருநாள் கவிழ்ந்து, விருத்தகிரி கால் முறிந்து கிடந்தபோது, அந்தக் கம்பெனிகளில் ஒன்றிலேயே பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனாள். அந்தக் கூலியில்தான் வீடு நடந்தது. ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவன் முதலில் நடந்து போனது கல்லூரிக்குத்தான். விண்ணப்பம் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தான். நன்றி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன், அதற்குப் பதிலாகக் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்தான்.

போன் அடித்தது. அன்பரசிதான். விடிவதற்குள் கல்லூரிக்குக் கிளம்பிப் போனவள்.

"அலமாரியில புராஜக்ட்டுன்னு எழுதி ஒரு பாட்டில் வெச்சிருக்கேங்க. அவசரத்துல மறந்துட்டு வந்துட்டேன். அந்த சார் வர்றதுக்குள்ள கொண்டாந்துடுங்க. அது இல்லன்னா வாசல்லயே மானம் போயிடும்."

"கொண்டாரேன்" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வருவதற்குள் அங்கே யாரோ கூப்பிட, போன் கட்டாகிவிட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பரீட்சைக்குள் நுழையப்போகிறவளிடம், உன் ஆராய்ச்சியின் மேல் இப்போது பக்கத்துவீட்டு நாய் படுத்திருக்கிறது என்று எந்தக் கணவன் சொல்வான்?

நாயை விரட்டினான். காலண்டர் தாளைக் கிழித்துக் கோலத்தை அடியோடு வழித்தான். வழித்ததில் மாவு பாதி, சாணி தெளித்த மண் பாதி. பச்சையும் பழுப்புமாக இருந்தது. எறும்புகள் வேறு. டீ வடிகட்டியில் சலித்தான். எறும்புகள் மட்டும் போயின. கழுவினால் வெளுக்கும் என்று தோன்றியது. தண்ணீர் ஊற்றிக் கலக்கி வடித்தான். கூழாகிவிட்டது. கூழைக் காயவைக்க வெயில் போதாது என்று தோசைக்கல்லில் ஊற்றினான். சுற்றிலும் ஓரம் முறுகி, நடுவில் ஓட்டை விழுந்து, ஊத்தப்பம் போல ஒட்டிக்கொண்டது.

இதற்குள் ஜன்னல் வழியாகச் செல்வநாயகி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். கேட்டாள். பெண்டாட்டி பாசாக வேண்டும் என்பதற்காக ஒரு பரிகாரம் என்று சொல்லிவைத்தான். வாசல் கோலத்தை வழித்துத் தோசைக்கல்லில் சுட்டால் பரீட்சையில் தேறலாம் என்ற செய்தி, அவன் அடுப்பை அணைப்பதற்குள் தெருக்கோடிவரை போய்விட்டது. பத்தாம் வகுப்புப் பையனை வைத்திருந்த ஒரு அம்மா, மிஞ்சியதில் ஒரு துண்டு கிடைக்குமா என்று தட்டோடு வந்து நின்றாள். மறுக்க மனம் வராமல் கொடுத்தனுப்பினான்.

ஆட்டோவை எடுத்துக்கொண்டு தங்கராசுவிடம் ஓடினான். தங்கராசு செராமிக் யூனிட் வைத்திருக்கும் சிநேகிதன். கொட்டகையில் மூட்டை மூட்டையாகப் பொடிகள். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று ரோஸ், ஒன்று மஞ்சள். அப்பழுக்கில்லாத வெள்ளையாக ஒரே ஒரு மூட்டைதான் இருந்தது.

"இது அச்சு செய்யற பிளாஸ்டர்டா" என்றான் தங்கராசு. "தண்ணி பட்டா கல்லாட்டம் இறுகிடும். பார்த்து வெச்சுக்க."

பாட்டிலுக்குள் எதற்குத் தண்ணீர் படப்போகிறது என்று விருத்தகிரிக்குத் தோன்றியது. வந்திருக்கிறவர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார், வெள்ளையாக இருக்கிறதே என்பார், கீழே வைப்பார். அதற்குமேல் ஊர்க்கோயில் பழமலைநாதர் விட்ட வழி. நிரப்பி, மூடியைத் துடைத்து, தங்கராசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த உதவியை மறக்க மாட்டேன் என்றான். ஒரு கைப்பொடிக்கு இவன் ஏன் கண்கலங்குகிறான் என்று தங்கராசுவுக்குப் புரியவில்லை.

கல்லூரி வாசலில் அன்பரசியோடு படிக்கும் பாரதி காத்திருந்தாள். பாட்டிலை ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டாள்.

"நல்லவேளைண்ணா. இதுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். அக்கா உள்ள பயந்துபோய் இருக்காங்க."

அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான் விருத்தகிரி. வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். எழுந்தான். உட்கார்ந்தான். அடுத்த பிரதோஷத்துக்குப் பால் வாங்கித் தருகிறேன், இந்த ஒருதரம் காப்பாற்று என்று கோபுரம் இருந்த திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டான். பேராசிரியர் பொடியைச் சோதித்துப் பார்த்து அன்பரசியைத் திட்டி அனுப்புகிற காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

வெயில் ஏறிய பிறகு அன்பரசி வந்தாள். நடக்கவில்லை, ஓடி வந்தாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேங்க. அந்த சார் எழுந்து கை குடுத்தாரு. கடைசியில, புராஜக்ட் ரிப்போர்ட்டோட முன்பக்கத்துல நன்றி எழுதியிருந்தேன் பாருங்க, அதைப் படிச்சுட்டு, யாரும்மா இந்த விருத்தகிரின்னு கேட்டாரு."

"என்னா சொன்னே?"

"எனக்காக வாசக்கோலம் போடறவருன்னு சொன்னேன்."

விருத்தகிரிக்குத் தாங்கவில்லை. அவன் ஏமாற்றிக் கொடுத்த பொடிக்காகக் கை குலுக்கியிருக்கிறார்கள். நாளைக்குத் தெரிந்தால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக இப்போதே, அவன் வாயாலேயே தெரிந்துவிடட்டும். அவனுக்குச் சோறு போட்டவளிடம் மறைத்துவைத்து அந்தச் சோற்றை எப்படிச் சாப்பிடுவது?

எல்லாவற்றையும் சொன்னான். மறுபக்கம் திரும்பியிருந்த தாள், நாய், தோசைக்கல், பரிகாரம், தங்கராசு, பிளாஸ்டர் மூட்டை. ஒன்று விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நீ எனக்காக என்னென்னமோ செஞ்சே. நான் உன் படிப்பையே கோலமாப் போட்டுட்டேன். வா, உள்ள போயி அந்த சார்கிட்ட நானே சொல்றேன்" என்றான்.

பிளாஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அன்பரசியின் கண்கள் அவனை விட்டுவிட்டு டிபார்ட்மெண்ட் பக்கமே போயிருந்தன.

அங்கிருந்து கூட்டிப் பெருக்கும் வீராயி தேய்ந்துபோன துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்தாள். காலெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் வேர்வை.

"ஏம்மா அன்பரசி, எதுத்த வூட்டம்மா அள்ளிக்கிட்டுப் போயிடும்னு புராஜக்ட்டுன்னு எழுதி ஒட்டி வெச்சிருந்த கோலமாவுன்னியே, அதுல என்னாத்தம்மா கலந்தே? வந்த சாருக்காக ஈரவாசல்ல போட்ட கோலம், கழுவியும் போவல, சொரண்டியும் போவலியே."