உதாரணக் காக்கா அடித்த தந்தி

இங்கிலாந்து மகாராணிக்கே தெரியாத இங்கிலீஷ் சொற்கள் இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரிந்திருந்தன. அவர் கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் உட்கார்ந்து தந்தி அடித்துக்கொண்டிருந்தார். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னமும் மீன் வாங்கப் போக வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளில் நான் காரைதீவிலிருந்து சைக்கிளில் அந்தக் கந்தோருக்கு வேலைக்குப் போய் வந்தேன். நான் முத்திரை விற்பேன். பக்கத்துக் கவுண்டரில் அவர். ஒட்டகச்சிவிங்கிக்குத் துருக்கித் தொப்பி போட்டது போல உயரம். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் உதாரணக் காக்கா. காக்கா என்றால் அங்கே அண்ணன். உதாரணம் ஏன் என்பதற்குத்தான் இந்தக் கதை.

தபால் கட்டும் நேரத்தை எழுதுவதற்கென்று அரசாங்கம் ஒரு கரும்பலகை தந்திருந்தது. காக்கா அந்த நேரத்தை ஒரு மூலையில் எறும்பு அளவில் எழுதுவார். மீதிப் பலகை முழுவதும் இங்கிலீஷ். தினம் ஒரு சொல், அதற்குப் பொருள், பிறகு ஓர் உதாரண வசனம். உதாரணத்தில் உயிரோடு இருக்கும் ஓர் ஊர்க்காரர் கட்டாயம் வர வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

“ஆளில்லாத உதாரணம் ஆணியில்லாத படம், தம்பி. மனசுல தொங்காது” என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பலகையில் இருந்தது இது: ‘கார்ப்யுலன்ட். உடம்பு பெருத்த. உதாரணம்: எங்கள் போஸ்ட்மாஸ்டர் கார்ப்யுலன்ட் ஆனபடியால் அவருடைய கதிரை உடைந்துவிட்டது.’

போஸ்ட்மாஸ்டர் கல்முனை மெதடிஸ்தக்காரர், சாதுவான மனிதர். பலகையை நின்றபடி வாசித்தார். உட்காரக் கதிரை இல்லை.

“ஐசே, என்ன காணும் இது?”

“உங்களுக்குக் கதிரை கேட்டிருக்கன் சேர்.”

அந்தக் கிழமை கந்தோருக்கு வந்த ஒரு பெரிய உத்தியோகத்தர் பலகையை வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் புதுக் கதிரை வந்தது. அதற்குப் பிறகு போஸ்ட்மாஸ்டர் அந்தப் பலகையில் கை வைக்கவில்லை.

ஊர் பழகிவிட்டது. காலையில் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் பிடித்து, “இண்டைக்கு ஆருட பேர்?” என்று கேட்பார்கள். தங்கள் பெயர் இல்லையென்றால் நிம்மதியாகப் போவார்கள். சிலர் முகம் வாடியும் போவார்கள்.

பிரச்சினை மீன் வியாபாரி மம்மாலியால் வந்தது. மம்மாலி இடது கையாலும் மீன் வெட்டுவார், வலது கையாலும் வெட்டுவார். காக்கா இதைக் கண்டு வியந்துபோய் அடுத்த நாள் எழுதினார்: ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ். இரண்டு கையாலும் ஒரே மாதிரி வேலை செய்கிற. உதாரணம்: மம்மாலி ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் ஆன வியாபாரி.’

சொல் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்குப் புதுப் பொருள் பிறந்துவிட்டது.

“ரெண்டு கையாலயும் வேல செய்வாராமே? என்ன வேல?”

“ஒரு கை மீன் வெட்டும். மத்தக் கை தராசத் தட்டும்!”

கொஞ்ச நேரத்தில் மம்மாலி ஒரு கையில் கத்தியும் மறு கையில் பாரை மீனுமாகக் கந்தோர் வாசலில் நின்றார். எந்தக் கையை ஓங்குவது என்று அவருக்குத் தடுமாற்றம் இல்லை. இரண்டையும் ஓங்கினார்.

“காக்கா, வெளிய வாங்க! ஆரு கள்ளன்?”

“அது புகழ்ச்சி, மம்மாலி!”

“புகழ்றதெண்டா தமிழ்ல புகழுங்க. இங்கிலீசுல புகழ்ந்தா பொலிசுதான் வரும்!”

பரிகாரமாக அடுத்த நாள் காக்கா எழுதினார்: ‘இர்ரெப்ரோச்சபிள். குறை சொல்ல இடமில்லாத. உதாரணம்: மம்மாலியின் தராசு இர்ரெப்ரோச்சபிள்.’ அதுவரை தராசை நினைக்காதவர்களும் அன்றைக்குத் தராசையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் மம்மாலி வந்து கெஞ்சினார்.

“அல்லாட காவல் காக்கா. பழைய சொல்லையே போட்டுருங்க.”

பலகை இப்படியென்றால் தந்தி வேறு கூத்து. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டுதான் கவுண்டருக்கு வருவார்கள். இல்லாதவர்களின் நீண்ட கதையை ஒரே சொல்லில் வடித்துக் கொடுப்பது தன் கடமை என்று காக்கா நினைத்தார். ஒருமுறை ஓர் ஏழை விவசாயி வந்து, மாடு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, எவ்வளவு கூப்பிட்டாலும் வருகுதில்லை, தம்பி வந்து பிடித்துத் தர வேண்டும் என்று பதுளையிலிருந்த தம்பிக்கு அறிவிக்கச் சொன்னார். காக்கா அடித்தது: ‘புல் ரிகால்சிட்ரன்ட்.’ காளை அடங்க மறுக்கிறது என்று அர்த்தமாம். தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினார், மாட்டுக்கு ஒரு பெரிய போத்தல் மருந்தோடு.

இனிப் போடியார் கதைக்கு வருகிறேன்.

போடியார் என்றால் வயல் நிறைய வைத்திருப்பவர். அந்த ஊர்ப் போடியாருக்கு வயல் எவ்வளவு பெரிதோ கோபமும் அவ்வளவு. அவருக்கு ஒரே மகன், இசுமாயில். வயலைப் பார்க்க மாட்டேன், கொழும்பில் வியாபாரம் செய்யப் போகிறேன் என்று அவன் நின்றபோது, போடியார் நடுத் தெருவில் ஊரே கேட்க, “போனா போ! என்ட மையத்தப் பாக்கவும் வந்திராத!” என்று கத்தினார். மையத்து என்றால் அங்கே சடலம், சாவு வீடு. அவன் போனான். வருடங்கள் போயின. வரவில்லை.

ஒருநாள் போடியாரின் மனைவி முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு காக்காவின் கவுண்டருக்கு வந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

“தம்பி, எங்கட மகனுக்கு ஒரு தந்தி அடிக்கணும். வாப்பாக்கு வயித்துக் கோளாறு, படுத்துட்டாரு. பெரிசா ஒண்டுமில்ல, பயப்புடத் தேவல்ல. ஆனா வந்தா நல்லம். நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

காக்கா கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து அறிவித்தார்.

“பாதர் இன்டிஸ்போஸ்ட்.”

“என்னது தம்பி அது?”

“கொஞ்சம் உடம்புக்கு ஏலாம இரிக்கிறது எண்டு அர்த்தம் ராத்தா.”

“பயப்புடத் தேவல்ல எண்டது இரிக்கா?”

“ஓம். அது ‘இன்’னுக்குள்ள இரிக்கி.”

“வந்தா நல்லம் எண்டது?”

“அது ‘டிஸ்’ஸுக்குள்ள.”

“நான் சொன்னதெண்டு சொல்ல வேணாமெண்டது?”

“அதத்தான் சொல்லல்லியே ராத்தா!”

அந்தத் தாய் முழுத் திருப்தியோடு போனார். நானும் அன்றைக்கு அதில் ஒரு பிழையும் காணவில்லை.

கொழும்பில் நடந்ததைப் பிறகு இசுமாயில் சொல்லித்தான் அறிந்தோம். புறக்கோட்டையில் அவன் ஓர் இரும்புக் கடை வைத்திருந்தான். தந்தி வந்ததும் கணக்கப்பிள்ளையிடம் காட்டினான். கணக்கப்பிள்ளைக்குக் கடைக்கு வேண்டிய இங்கிலீஷ் தெரியும்.

“டிஸ்போஸ்ட் எண்டா முதலாளி, சரக்குத் தீர்ந்து போச்சு எண்டது.”

“அப்ப ‘இன்’?”

கணக்கப்பிள்ளை தலை குனிந்தார். “‘இன்’ எண்டா உள்ள. வாப்பாவ உள்ள வெச்சிட்டாங்க முதலாளி. அடக்கம் முடிஞ்சிரிச்சி.”

இசுமாயில் கடையைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினான். மட்டக்களப்பில் இறங்கி பஸ் பிடித்தான். ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் அடக்கம் செய்கிற மையவாடிக்கு நேராகப் போனான். அந்த மையவாடி எங்கள் கந்தோர் யன்னலுக்கு எதிரே இருந்தது. புதிதாக மண் மேடிட்ட ஒரு கபுறு அங்கே இருந்தது. அதன் காலடியில் விழுந்து, “வாப்பா, வாப்பா” என்று மண்ணை அள்ளி அள்ளிக் கதறினான்.

காக்கா தந்தி மேசையை விட்டு எழுந்து யன்னலுக்கு வந்தார்.

“பாத்தீங்களா தம்பி. ‘இன்கன்சோலபிள்.’ ஆறுதல் சொல்ல ஏலாத. உதாரணம், அந்தா இரிக்கிற மனிசன்.” பிறகு கண்ணைச் சுருக்கினார். “ஆள் ஆரு?”

ஆளை நான் அடையாளம் கண்டேன். கபுறையும் கண்டேன். அந்தக் கபுறுக்குள் இருந்தவர் போடியாரின் அடுத்த வயல்காரர். வரம்பை வெட்டினார் என்று அவர்மீது போடியார் வாழ்நாள் முழுக்க வழக்குப் பேசியிருக்கிறார். அந்தக் கிழமைதான் வயதாகி மவுத்தானார். மையத்துக்குக்கூடப் போடியார் போகவில்லை.

தெருவில் போன யாரோ போடியார் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான். படுக்கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த போடியாருக்குச் செய்தி இப்படிப் போய்ச் சேர்ந்தது: “உங்கட மகன் கொழும்பால வந்து, வரம்பு வெட்டினவர்ட கபுறடியில உருண்டு உருண்டு அழுறான்.”

வயிற்றுக் கோளாறு அந்த நிமிஷமே பறந்துவிட்டது. வெள்ளைச் சாரன், தலையிலிருந்து போர்த்திய வெள்ளைப் போர்வை, கையில் பொல்லு, பல நாள் சவரம் செய்யாத முகம். அந்தக் கோலத்தில் போடியார் மையவாடிக்குள் நுழைந்தார். பின்னால் மனைவி நெஞ்சிலடித்துக்கொண்டு வந்தார்.

இசுமாயில் தலையை நிமிர்த்தினான். வாப்பாவைக் கபுறுக்குள் தேடிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் வாப்பா வெள்ளை போர்த்து நிற்கிறார்.

“ரூஹானி! ரூஹானி!”

பேயைக் கண்டவன் கபுறுகளைச் சுற்றி ஓடினான். வாயில் ஓதிய குர்ஆன் ஆயத்துகள் ஒன்றோடொன்று முட்டின. போடியார் பொல்லோடு துரத்தினார்.

“நில்லுடா! என்ட மையத்துக்கு வர வேணாமெண்டா, என்ட எதிரிட கபுறுக்கா வாற? அவன் உனக்கு வாப்பாவாடா?”

கந்தோரில் முத்திரை வாங்க வந்தவர்கள், போஸ்ட்மாஸ்டர், எல்லாரும் யன்னலில். போஸ்ட்மாஸ்டர் புதுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன்மேல் ஏறி நின்று பார்த்தார்.

கபுறுத் தலைமாட்டில் நட்டிருந்த ஒரு மீசான் கல்லில் கால் தடுக்கிப் போடியார் விழப் போனார். ஓடிக்கொண்டிருந்தவன் அதைக் கண்டான். பேய் தடுக்கி விழாது என்று அவனுக்கு எப்படி உறைத்ததோ தெரியாது. திரும்பி ஓடிவந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். பிடித்த பிடியில் உடம்பின் சூடு தெரிந்தது. விடவில்லை.

“வாப்பா, நீங்க மவுத்தாகல்லியா?”

“உனக்கு ஆருடா சொன்ன நான் மவுத்தெண்டு? மவுத்தெண்டாலும் உன்ன வர வேணாமெண்டுதானே சொன்னன்!”

இசுமாயில் விக்கிக்கொண்டே சொன்னான்: “மையத்தப் பாக்கத்தானே வாப்பா வர வேணாமெண்டீங்க. அதான் கபுறுக்கு வந்தன்.”

போடியார் ஓங்கிய பொல்லு அப்படியே நின்றது. அவருடைய முகம் என்னென்னவோ ஆனது. கடைசியில் பொல்லை மகனின் கையில் கொடுத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். உதாரணக் காக்கா யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அந்தக் காட்சிக்கு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

பயந்தது சரி. எங்கள் பக்கத்தில் எதற்கும் பெயரில்லாத பெட்டிசம் ஒன்று மேலிடத்துக்குப் போகும். உயிரோடு இருக்கும் மனிதரைத் தந்தி அடக்கம் செய்துவிட்டது என்று போனது. விசாரணைக்கு ஒரு துரை வந்தார். காக்காவின் வேலையே போகலாம் என்று போஸ்ட்மாஸ்டர் எங்களிடம் மெல்லச் சொன்னார்.

“உடம்பு சரியில்லை என்பதற்கு ‘சிக்’ என்று அடித்தால் போதாதா?” என்று துரை கேட்டார்.

காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “‘சிக்’ எண்டா சின்னச் சொல்லு சேர். ஒரு போடியாருக்கு அது மரியாதையா?”

“சரி, போடியாருக்குப் பெரிய சொல். கூலிக்காரனுக்கு?”

“அவருக்கு அதவிடப் பெரிசு சேர். அவருக்கிட்ட வேற என்ன பெரிசா இரிக்கி?”

துரை பேனாவை வைத்தார். பிறகு போடியாரைக் கூப்பிட்டு, இந்தத் தந்தியால் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டார்.

“நட்டமா?” போடியாரின் குரல் கந்தோரை உலுக்கியது. “என்ட பொண்டாட்டி எத்தனையோ கடுதாசி போட்டும் வராதவன் வந்திட்டான். அந்தத் தந்தியில பிழை இரிக்கெண்டா, ஊரிலுள்ள எல்லாத் தந்தியையும் பிழையா அடிக்கச் சொல்லுங்க!”

வேலை போகவில்லை. ஆனால் காக்காவை மலைநாட்டுக் கந்தோர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று பஸ்ஸடியில் ஊரே நின்றது. மம்மாலி ஒரு கட்டுக் கருவாட்டை பஸ்ஸின் யன்னலால் திணித்தார். போடியார் வீட்டிலிருந்து மூட்டையாக அரிசி வந்தது. காக்கா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். பஸ் அக்கரைப்பற்றுப் பாதையில் திரும்பி மறைந்தது.

அவருக்குப் பதிலாக வந்தவர் மிக ஒழுங்கான மனிதர். ஒரு தந்தியிலும் பிழை விட்டதில்லை. அவரோடு நான் எத்தனையோ வருடம் பக்கத்தில் இருந்து வேலை செய்தேன். அவர் முகம் எப்படியிருக்கும் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வருகுதில்லை.