தட்டின் அடியில் அக்கா

பெண் பார்க்க வந்தவர்களின் தட்டில், பெண்ணின் முகத்தையும் அதற்குக் கீழே 'சிறார் குற்றம்' என்ற எழுத்தையும் வைத்துக் கொடுத்த தம்பி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இனித் தெரியும். நான்தான்.

கல்லூரிக் கடைசி வருடம். 'சிறார் குற்றமும் பெரியவர் குற்றமும்: காலப்போக்கில் ஓர் ஒப்பீடு' என்பது என் ப்ராஜெக்ட். சிவகாசியில் அப்பாவுக்கு அச்சகம் இருக்கும்போது சாதாரண சார்ட் ஒட்டினால் என் கெத்து என்னாவது? கலர் போஸ்டரே அடித்தேன். வருடவாரியாக ஏறும் இரண்டு கோடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முகம். நெட்டில் படம் எடுத்தால் காப்பிரைட் பிரச்சினை (அம்புட்டு நேர்மை). ஆகவே சிறார் கோட்டுக்கு அக்காவின் எட்டாம் வகுப்புப் படம், பெரியவர் கோட்டுக்கு அப்பா.

கலர் சரியாக விழாத ஷீட்டுகள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் அலமாரியில் விரிப்பதும் அதைத்தான், பலகாரம் வைப்பதும் அதில்தான்.

அந்த ஞாயிறு வெம்பக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதுவரை வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த அக்கா, இவர் போட்டோவைப் பார்த்ததிலிருந்து ஒரு மார்க்கமாக இருந்தாள். காலையிலேயே சேலை கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே, தட்டுல ஷீட்ட விரிச்சுக் காராச்சேவைக் கொட்டு" என்றாள் அம்மா. போனைப் பார்த்துக்கொண்டே விரித்தேன்.

காராச்சேவு குறையக் குறைய, என் போஸ்டரிலிருந்த அக்கா எண்ணெய் மினுமினுப்போடு வெளியே வந்தாள்.

"இது நாம பாக்க வந்த பிள்ளை மாதிரில்ல இருக்கு?" மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சிறார்... குற்றமா?"

வாயை மூடியிருக்கலாம். (படித்தவனாயிற்றே.) "பதறாதீக அத்தை. எண்ணிக்கை ஏறுனா குற்றம் கூடிருச்சுன்னு அர்த்தமில்ல. மக்கள்தொகையும் கூடுதுல்ல, விகிதத்தைத்தான் பாக்கணும். பெரியவங்க கோடு இதுக்கும் மேல. அந்தா, எங்கப்பா இருக்காக பாருங்க."

அப்பாவுக்குக் காபி புரையேறியது. உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அவன் போட்டது சரிதான். எட்டாப்பு படிக்கையில இவனைத் தெனமும் கையைப் பிடிச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போயி, திரும்பக் கூட்டிட்டும் வந்தேன். அங்கனயே விட்டுட்டு வந்திருக்கணும். அதான் நான் செஞ்ச குற்றம்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "வளந்த பெறகு உங்க விகிதம் எப்படி?"

"இனிமேத்தான் கணக்கெடுக்கணும்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே எங்கள் அப்பா பக்கம் திரும்பினார். "கேஸ் உள்ள குடும்பம்னு தரகர் சொல்லவேயில்லையே." அப்போதுதான் அப்பா மூச்சு விட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் எதைத் தின்னக் கொடுத்தாலும், மாமாவாகிவிட்ட அந்த மாப்பிள்ளை ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ("இன்னைக்கு யாரு உள்ள?") கை வைப்பார்.

அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு வந்திருக்கிறாள். உள்ளறையில் தூங்குகிறாள்; சிறார் கோட்டுக்கு அடுத்த முகம் அவள் வயிற்றில்.