ஒன்றாம் எண் காலி

நெய்வேலி

அன்பு மகள் நந்தினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். வாசல் பலா மரமும் சுகம், இந்த வருஷம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்குகிறது. திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன வாரம் போனில், முதுகுவலி மாத்திரையை நிறுத்தியாயிற்றா என்று கேட்டாய். எப்போதோ நிறுத்திவிட்டேன். போனில் சொன்னால் நர்ஸ் குரலில் குறுக்கு விசாரணை செய்வாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

மாத்திரை என்றதும் ஒரு சங்கதி. பழகினால் விடாது என்பதை மறைத்து வலி மாத்திரை விற்ற ஒரு கம்பெனி, கோர்ட்டில் தோற்று நஷ்டஈடு கட்டியது. அதில் ஒரு பங்கு எங்கள் பஞ்சாயத்துக்கும் வந்திருக்கிறது. மாத்திரைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்குத்தான் செலவிட வேண்டும். யாருமே பெயர் கொடுக்காவிட்டால் வேறு பொது வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவன், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கட்டிச் சும்மா இருப்பவன் என்று என்னைத் திட்டக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே முந்திரி வியாபாரி சிங்காரவேல் எழுந்து, ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்றார். வளைவுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அதில் போதையை ஒழிப்போம் என்று எழுதிவிடலாமாம். இன்னொருவர் உயரக் கம்பத்தில் விளக்குப் போடச் சொன்னார், அந்த வெளிச்சத்தில் யாரும் மாத்திரை விழுங்க மாட்டார்களாம். எப்படியும் யாரும் பெயர் கொடுக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் வளைவுக்கே முடிவாகி, கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று இரண்டு மணி நேரம் தகராறு. டீ கொண்டுவந்தவரும் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் முந்திரி உடைக்கப் போகும் தனபாக்கியம் எழுந்து நின்றாள். அவள் மகன் அய்யனார் காண்ட்ராக்ட் வேலையில் கால் உடைந்து, அதற்குச் சாப்பிட்ட மாத்திரையை விட முடியாமல் வீட்டோடு கிடக்கிறான்.

"இதுல எம் புள்ளைக்கு இன்னாங்க இருக்குது?" என்றாள்.

வாரம் ஒரு நாள் டாக்டர் வர ஏற்பாடு செய்யலாம், பெயர் கொடு என்றேன்.

"குடுக்கறேங்க. ஆனா மொதல் பேரா எழுதாதீங்க, ரெண்டாவதா எழுதிக்குங்க. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்கணும்."

நோட்டில் இரண்டாம் எண்ணுக்கு எதிரே பென்சிலால் அய்யனார் என்று எழுதிக்கொண்டு, ஒன்றாம் பெயருக்காக நாலு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, அடுத்த தெருவில் கேளுங்கள் என்றார்கள். அடுத்த தெருவில் இந்தத் தெருவைக் காட்டினார்கள். தனபாக்கியம் தினமும் வேலைக்குப் போகும்போது நம் கேட்டருகே நின்று, ஒன்றாவது பெயர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமையோடு பெயர் கொடுக்கும் கெடு முடிகிறது. அதன்பின் வளைவுதான்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையுமின்றி வாழ அப்பாவின் ஆசிகள். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம். பலா பழுத்ததும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

உன் அப்பா,
மணிமாறன்,
தலைவர், திட்டக் குழு

பி.கு.: மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று நேற்று மேலே எழுதியது பொய். மூன்று வருஷமாகப் போடுகிறேன். முதலில் ஒன்று, இப்போது நாலு. டூல்ஸ் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வீடு வீடாகப் போனபோதும் இரண்டு மாத்திரை என் சட்டைப் பையில்தான் இருந்தன. வெட்கமாக இருக்கிறதம்மா. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இன்று காலை ஒன்றாம் எண்ணில் என் பெயரை எழுதி, தனபாக்கியத்திடம் நோட்டைக் காட்டினேன். அவள் என் பையிலிருந்த பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேல் மகன் பெயரை அழுத்தி எழுதினாள். பிற்பாடு சிங்காரவேல் வந்து தயங்கிக்கொண்டு நின்றார். பத்துப் பேர் சேர்ந்ததும் தனக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமாம், பதினொன்றாவதாகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமாம்.