அதிகாரிக்காகக் கழுவிய ஓடை

எனக்கு ஒரு வியாதி உண்டு. அதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். எழுபதுகளில், கேரளத்தின் தமிழ் எல்லையோரம், எருத்தேன்பதிப் பக்கம் ஒரு பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது இந்த வியாதி முற்றிப்போய், ஒருத்தருடைய குடிதண்ணீருக்கே உலை வைத்தது.

ஊர் ஓடையோரம் ஒரு மரவள்ளிக்கிழங்கு மாவு மில் இருந்தது. அதன் கழிவுத் தண்ணீர் ஓடையில் புளித்து நுரைத்து, பொன்னம்மாள் அக்காவின் கிணற்றுக்குள் ஊறிவிட்டது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு கிணறுதான். எருமைகூட அந்தத் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்பெல்லாம் பிரசிடெண்ட் மில் வாசலில் நின்று நாலு சத்தம் போட்டால் ஒரு மாதத்துக்குக் கழிவு நிற்கும். இந்த முறை அவர் வேட்டியை மடித்துக் கட்டிக் கிளம்பிய அன்றுதான் மேலிடத்துக் கடிதம் வந்தது. தண்ணீரைக் கெடுப்பவர்களைக் கேட்கும் அதிகாரம் இனிப் பஞ்சாயத்துக்கு இல்லையாம்; டெல்லி ஆள் வந்து பார்த்துக்கொள்வாராம்.

கடிதம் இங்கிலீஷில். கூடவே மலையாளத்தில் ஒரு விளக்கம். இரண்டையும் நான் தமிழில் சொன்னேன். மூன்று பாஷையிலும் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை (சொன்ன எனக்கும்தான்).

"ஏப்பா, அப்ப ஓடை நம்முளுதா, டெல்லியுதா?" என்றார் பிரசிடெண்ட்.

"ஓடை நம்முளுதுங்க. அதுல இருக்கற அழுக்குத்தான் டெல்லியுதுங்க."

"அப்ப நாத்தம்?"

"அதப் பத்தி ஒண்ணும் எழுதலீங்க."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை அதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. என் கை துறுதுறுத்தது. நாலு ஆளை விட்டு ஓடையைத் தூர் வாரினேன். மதகுக்காரரைக் கெஞ்சி இரண்டு நாள் வாய்க்கால் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட்டேன். கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் கொட்டினேன். கரைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். போதாக்குறைக்கு மில் மேனேஜரிடம் போய், "அதிகாரிக்குத் தலைவலி வந்துருமுங்க, ரெண்டு நாளைக்கு மில்ல நிறுத்துங்க" என்று கும்பிட்டேன். அந்த மனிதர் நம்ப முடியாமல் என்னையே பார்த்தார். பிறகு எனக்கு டீ வரவழைத்தார்.

பொன்னம்மாள் அக்கா மட்டும் கேட்டார். "ஏனுங்க கிளார்க்கு, அவுரு அழுக்கப் பாக்கறதுக்குத்தானுங்க வர்றாரு?"

"ஆபீசு சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாதுங்கக்கா, சும்மா இருங்க." (அடேயப்பா, என்ன மிடுக்கு!)

அதிகாரி வந்தார். ஓடையில் ஒரு பாட்டில், கிணற்றில் ஒரு பாட்டில் எடுத்தார். ஹிந்தியில் என்னவோ கேட்டார். "எஸ் சார்" என்றேன். இங்கிலீஷில் கேட்டார். அதற்கும் "எஸ் சார்"தான். (தண்ணீர் எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். பாவி நான்!) இளநீர் குடித்துவிட்டுப் போனார். பதினைந்தாம் நாள் பதில் வந்தது: தண்ணீரில் குறையொன்றும் இல்லை. மில் மேனேஜர் அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

மில் அதற்குள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தது. மறுநாள் பொன்னம்மாள் அக்கா ஆபீசுக்கு வந்து, கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு என் மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"நல்ல தண்ணின்னு டெல்லியில எழுதிட்டாங்களாமா. குடீங்க."

ஆபீசே என்னைப் பார்த்தது. வெட்கத்தில் காது சுட்டது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சொம்பைப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தேன்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும், என் துப்புரவுப் பணி பற்றி நானே எழுதிய வாக்குமூலத்தையும் பிரசிடெண்ட் அதிகாரிக்கு அனுப்பிவைத்தார். அவர் இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஓடைக்கு ஒரு பர்லாங் முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டார். கழிவுக்குத் தனிக் குட்டை வெட்டும்வரை மில் மூடிக் கிடந்தது. அடுத்த மழைக்குக் கிணறு தெளிந்தது.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மனைவிக்கு யாரோ இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நேற்றைய குழம்போ, புளித்த மாதிரி இருக்கும் மோரோ, சந்தேகம் வந்தால் முதலில் என் முன்னால்தான் வரும். முறைத்துப் பார்ப்பேன். அவள் அசரமாட்டாள்.

"டெல்லிக்கு அனுப்பிச்சா நல்லாத்தான் இருக்குதும்பாங்க. நீங்க குடிச்சாத்தானுங்க உள்ளது தெரியும்."