நான்கு பேர் சொன்ன நாலு அங்குலம்

என்றும் மதிப்புக்குரிய அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு நீயும் மகளும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த வரிசையில் அத்தானை ஏன் சேர்க்கவில்லை என்பது உனக்கே தெரியும்.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "போன்ல நீ வாயாலயே வழுக்கிட்டுப் போயிடுவ. பட்டறையில தூசி போயிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அப்புறம்தான் இவரை அனுப்புறதா வேண்டாமான்னு யோசிப்பேன்." அக்கா, உடன்பிறந்தவனிடம் சான்றிதழ் கேட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். ஆனால் நீ கேட்டதில் தவறில்லை. டாக்டர் அத்தானின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "என்ன தொழில்?" என்றார். "கதவு செய்யறோம்" என்றார் அத்தான். "அதுல ஒண்ணு உள்ளயே சாத்தியிருக்கு. இனிமே தூசி இருக்கிற எடத்துல நின்னா மிச்சமும் சாத்திக்கும்" என்றார் டாக்டர். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகிவிட்டது. அது முடிகிறவரை டாக்டரும் நீயும் நானும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ அவரை மகள் வீட்டுக்கு அழைத்துப் போய் ஏழு வாரம் ஆகிறது. நீ குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவர் எனக்குப் போன் செய்கிறார் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "மச்சான், ரம்பத்துக்குப் பிளேடு மாத்தினியா? இங்க மூச்சு விடுறதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லடா" என்கிறார். மருமகன் அலுவலகம் போன சமயத்தில் குளியலறைக் கதவைக் கழற்றி இழைத்து மாட்டிவிட்டாராம். கதவு சத்தமில்லாமல் மூடுகிறதென்று நீ ஆச்சரியப்பட்டிருந்தால் காரணம் அதுதான்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தூசி உறிஞ்சும் மெஷின் வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆள் உயரம், அடியில் மோட்டார், தலையில் ஒரு பெரிய துணிப்பை. ஓடத் தொடங்கியதும் அந்தப் பை விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பும். மெஷினின் வாய் ஆறு அங்குலம். அங்கிருந்து கூரையை ஒட்டிக் குழாய் ஓடி, இறங்கி, வட்ட ரம்பத்துக்கும் இழைப்பு மெஷினுக்கும் நாலு அங்குலமாகவும், உப்புத்தாளால் தேய்க்கிற மெஷினுக்கு இரண்டரை அங்குலமாகவும் பிரிய வேண்டும். காகிதத்தில் வரைந்தபோது அரை மணி நேர வேலையாகத்தான் தெரிந்தது. ரம்பத்தின் வாய் நாலு அங்குலம் என்று அதன் புத்தகத்தில் போட்டிருந்தது. நெளிகிற சுருள் குழாயை விற்றவர் நாலு அங்குலம் என்று சொல்லிக் கொடுத்தார். குழாய்க்கடைக்காரர் பிளாஸ்டிக் குழாயின் மேலேயே நாலு என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார். குழாயைத் திருப்புகிற முழங்கை வளைவு விற்றவர், "நாலுன்னா நாலுதான் சார், இதுல என்ன சந்தேகம்?" என்று கோபித்துக்கொண்டார். நான்கையும் பட்டறைக்குக் கொண்டு வந்து வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. ஒன்று போனது, ஆனால் சுற்றிலும் என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. திரும்பிப் போய்க் கேட்டேன். குழாய்க்கடைக்காரர் டீயைக் கீழே வைக்காமலே விளக்கினார். "நாங்க உள்ளளவு சொல்றோம். மெஷின்காரங்க வெளியளவு சொல்றாங்க. சுருள் குழாய்க்காரர் இழுத்தா ஒரு அளவு, விட்டா ஒரு அளவு. யாரும் பொய் சொல்லலையே." யாரும் பொய் சொல்லவில்லை, அக்கா. அதனால் யாரிடமும் சண்டை போடவும் முடியவில்லை.

பிளாஸ்டிக் சூட்டில் இளகும் என்பதால் குழாயின் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இளகியதும் ரம்பத்தின் வாயில் திணித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு எடுத்த பாத்திரம் என் மனைவி பால் காய்ச்சுகிற பாத்திரம் என்பது பிறகு தெரிந்தது. குழாய் இளகியது உண்மை. திணிப்பதற்குள் கையில் சூடு பட்டு நான் விட்டதும் உண்மை. விழுந்த குழாய் யாரோ மிதித்த தகர டப்பா போல நீள்வட்டமாகி, அப்படியே இறுகிவிட்டது. பால் இப்போதும் குழாய் வாசனை அடிக்கிறது. என் மனைவி டம்ளரை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள்.

சரி, அளவு மாறுகிற இடங்களுக்குத் தகரத்தில் கூம்பு அடித்துவிடலாம் என்று தகரக்காரரிடம் போனேன். அவர் நல்ல வேலைக்காரர், பேச்சு மட்டும் குறைவு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உள்ள போகணுமா, மேல வரணுமா?" குழாய் கூரையை ஒட்டி மேலேதானே போகிறது, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "எல்லாமே மேலதான்" என்றேன். அவர் கேட்டது கூம்பு குழாய்க்குள்ளே நுழைய வேண்டுமா, குழாயின் மேலே தொப்பி போலக் கவிய வேண்டுமா என்று. ஆறு கூம்பையும், இரண்டு முனையும் மேலே கவிகிற மாதிரியே அடித்து வைத்துவிட்டார். அழகான வேலை, ஒரு பிசிறு கிடையாது. சுருள் குழாய் அதற்குள் வழவழவென்று போய், அதே வழியில் வழவழவென்று வெளியே வந்தது. "நீங்கதானே மேலன்னீங்க" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அதையும் கயிற்றால் கட்டி ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். இழுவைக்குக் குறைவில்லை. ரம்ப மேசை மேல், நம் பெரிய வாடிக்கையாளர் வீட்டு ஐந்து கதவுகளுக்கு அத்தான் தன் கையால் எழுதி வைத்த அளவுச் சீட்டு இருந்தது. நான் திரும்புவதற்குள் அதை மெஷின் இழுத்துக்கொண்டுவிட்டது. பையைக் கழற்றி, தூளுக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பத்தொன்பது துண்டு எடுத்தேன். "ஏழு அடி" என்பது கிடைத்தது, எந்தக் கதவு என்பது கிடைக்கவில்லை. நினைவில் இருந்ததை வைத்து இரண்டு கதவு செய்து மாட்டினேன். அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார். "கதவு பளபளன்னு இருக்கு தம்பி. ஆனா கீழ இருக்கிற சந்துல பூனை நிமிர்ந்தே போகுது. மிச்சம் மூணையும் நீங்க தொடாதீங்க. பெரியவர் இந்த மாசக் கடைசிக்குள்ள வந்தா செய்யட்டும், இல்லைன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்." அக்கா, இந்தப் பட்டறையில் கை என்னுடையது, கண் அத்தானுடையது. இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே, தலைக்கு ஏறிவிடும்.

கடைசியில் வேலை முடிந்த கதையைச் சொல்கிறேன். பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, சின்னது எதுவோ அதன் மேல் சுற்றிச் சுற்றி, பெரியதற்குள் இறுக்கமாகப் போகிறவரை தடிமனாக்கி, மேலே இரும்புப் பட்டை போட்டு முடுக்கினேன். தேய்க்கிற மெஷினுக்கு நாலிலிருந்து இரண்டரைக்கு இறங்க எதுவும் பொருந்தவில்லை. அடுப்படியில் எண்ணெய் ஊற்றுகிற பெரிய புனலை எடுத்து, கழுத்தில் சரியான இடத்தில் அறுத்தேன். அச்சு மாதிரி உட்கார்ந்தது. "பரவாயில்ல, இனிமே எண்ணெயை உங்க மெஷின்லயே ஊத்திக்கிறேன்" என்றாள் என் மனைவி. பால் விஷயத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு ஒரு நூலை ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தேன். காற்று கசிகிற இடத்தில் நூல் குழாயை நோக்கிச் சாயும். இருபத்திரண்டு இணைப்பிலும் நூல் நேராகத் தொங்கியது.

இப்போது பட்டறைக்குள் வந்தால் உனக்கு அடையாளம் தெரியாது. தினம் இரண்டு சாக்கு வாரிய இடத்தில் ஒரு கைப்பிடி கிடையாது. தரையின் நிறம் சிவப்பு என்பது இத்தனை வருஷம் கழித்து எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அத்தான் ரம்பத்தைத் தொட வேண்டாம். நாற்காலி போட்டு உட்கார்ந்து, அளவு குறித்துக் கொடுத்தால் போதும். ஆகவே, நம் பட்டறையில் தூசி போய்விட்டது என்று இதன் மூலம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த வாரமே அவரை வண்டி ஏற்றிவிடு, நிலையத்தில் நான் நிற்பேன்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். உனக்கும் அத்தானுக்கும் எங்கள் இருவரின் வணக்கம். எல்லோரும் நல்ல மூச்சோடு நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி.

பி.கு.: அக்கா, அத்தானை அனுப்பாதே.

மேலே உள்ளதை எழுதி முடித்து, மை காயட்டும் என்று தாள்களைப் பட்டறை மேசையில் விரித்து வைத்துவிட்டு, தேய்க்கிற மெஷினில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன். இணைப்பு எதுவும் கழலவில்லை. திரும்பி வந்து முதல் தாளை எடுத்தபோது, பிடித்த இடத்தில் என் விரல் தடம் வெள்ளையாக விழுந்தது. தாளின் மற்ற இடமெல்லாம் மெல்லிய பழுப்பு. குழாய் எல்லாவற்றையும் சரியாகத்தான் இழுக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறதைப் பை பிடித்து வைத்துக்கொள்கிறது. தெரியாததைத் துணியின் கண் வழியாக ஊதி, முன்பு போகாத மூலைக்கெல்லாம் அனுப்பிவைக்கிறது. நெஞ்சுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத தூசிதான் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். நாம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாள்களை வெளியே கொண்டுபோய் நன்றாகத் தட்டித்தான் உறையில் போடுகிறேன். ஆனாலும் பிரிக்கும்போது முகத்துக்கு நேராகப் பிடித்துப் பிரிக்காதே.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு இருமல் காலையில் மட்டும்தான்.

அத்தானிடம் பையைப் பற்றி மூச்சு விடாதே. "கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்தா எப்படிடா பொழைக்கிறது" என்று அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டால், குழாய் இன்னும் பொருந்தவில்லை, நான்கு பேரும் நான்கு அளவு சொல்கிறார்கள் என்று சொல். அதை நம்புவார்.