ஒருமனதாக ஒரு சைலன்சர்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, வருகிறவர் தாம் வருவதை மற்றவர்களுக்குத் தெரிவிப்பதற்குப் பட்ட பாட்டின் வரலாறே ஆகும். அரசர்கள் முரசு வைத்திருந்தார்கள். அமைச்சர்கள் ஆள் விட்டுக் கூவச் சொன்னார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் வாசலில் நின்று இருமினார்கள். இந்த மகத்தான மரபுக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரும் தம்மால் இயன்றதைச் செய்தார். அந்தத் திருப்பணிக்கான காகிதங்களைத் தயாரித்துக் கொடுத்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

தலைவர் பல் மருத்துவர். அவர் என் மனைவியின் அண்ணன். நான் சங்கத்தின் செயலாளர். இந்த மூன்று வாக்கியங்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்பதைப் பொதுக்குழுவில் இரண்டு முறை விளக்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு தலைவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை. உள்ளே உட்கார முழங்காலைத் தாடை வரை கொண்டுவர வேண்டும். வெளியே வர, கையைப் பிடித்து இழுக்க இன்னொருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இன்னொருவர் நான். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவோம். என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவுக்கு அந்த இரண்டாவது இருக்கை என்ன மரியாதை தரும் என்பதை, அதில் உட்காராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

காரில் குறை ஒன்றுதான். அது சத்தம் போடவில்லை. கம்பெனிக்காரர்கள் பொறுப்பில்லாமல் மிக நன்றாகச் செய்துவிட்டிருந்தார்கள். தலைவர் ஒரு ஞாயிறு எங்கள் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து தம் மனக்குறையைக் கொட்டினார்.

“நேத்து சிக்னல்ல நின்னேன் மாப்பிள்ளை. பக்கத்துல ஒரு பால் வண்டி. எல்லாரும் பால் வண்டியத் திரும்பிப் பாத்தாங்க.”

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை என்றால் வண்டி நல்ல வண்டி என்றுதானே அர்த்தம் என்றாள்.

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெருவுக்கு எப்படித் தெரியும்?”

அவள் கத்தியைக் காயின் மேல் கொஞ்சம் பலமாக இறக்கினாள். அண்ணன் என்பதால் காயோடு நிறுத்திக்கொண்டாள்.

தலைவரின் ஏக்கத்தை யாரும் குறைவாக எடை போடக் கூடாது. அவருடைய கிளினிக்கில் நான்கு சுவரிலும் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருக்கும். வாயைத் திறந்தபடி முனகுகிறவர்களிடம், சத்தம் வேண்டாமே என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே குடைவார். நாள் முழுவதும் ஊரார் சத்தத்தை அடக்குகிற மனிதருக்குத் தமக்கென்று கொஞ்சம் சத்தம் தேவைப்படுவது நியாயம்தானே.

அடுத்த வாரம் ஒரு மெக்கானிக் வந்தார். கார் கம்பெனிக்கு வெளியே செய்யப்பட்ட மூன்று வகைச் சைலன்சர்களின் ஒலியைக் கைபேசியில் பதிந்து எடுத்து வந்திருந்தார். என் வீட்டுக் கூடத்தில் சிறிய ஸ்பீக்கரை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நாங்கள் கச்சேரி கேட்பது போலக் கேட்டோம். முதலாவது உறுமியது. இரண்டாவது கனைத்தது. மூன்றாவது முடிந்ததும் என் மனைவி வந்து, மிக்ஸி மூடியில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். தலைவர் கண்களை மூடியிருந்தார். அடிவயிற்றிலிருந்து வருகிறது என்றார்.

மெக்கானிக் தொழில் தர்மம் உள்ளவர். மாற்றினால் கம்பெனி வாரண்டி போய்விடும் என்று எச்சரித்தார். அக்கம்பக்கத்தார் பேசுவார்கள் என்றார். எங்கள் பக்கமும் ஒரு தொழில்நுட்பக் கேள்வி எழுந்தது.

“இதை மாட்டினா பவர் கூடுமா?” என்றார் தலைவர்.

“கூடின மாதிரி இருக்கும் சார்.”

இதைவிடத் தெளிவான உத்தரவாதத்தை நான் எந்தத் துறையிலும் கேட்டதில்லை. மூன்றாவது வகை என்று முடிவாயிற்று. இதை மாட்டினால் தலைவர் வருவதற்கு முன்பே வந்துவிடுவார் என்று மெக்கானிக் வாழ்த்தினார்.

குறுக்கே நின்றது சங்கத்தின் விதி பதினான்கு. வண்டிகள் நிற்குமிடத்தில் சத்தம் எழுப்பக்கூடிய எந்த மாற்றத்துக்கும், சாய்தளத்தை ஒட்டிய வீட்டாரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். எங்கள் கட்டடத்தில் வண்டிகள் நிற்பது தரைக்கு அடியில். அங்கிருந்து தெருவுக்கு ஏறும் சாய்தளத்தை ஒட்டி இருப்பது ஒரே வீடு. அதில் இருப்பவர் ஒரு நர்ஸ்.

அவர் வேலை செய்வது, குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டில். இரவு முழுக்க டியூட்டி. அவரே விரும்பிக் கேட்டு வாங்கியது. காலை எட்டு மணிக்கு வருவார். எட்டரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு எழுந்திருப்பார். படுக்கையறை ஜன்னலுக்கும் சாய்தளத்துக்கும் இடையில் மூன்றடி. வெளிச்சம் வராமல் கண்ணாடியில் கறுப்புத் துணி ஒட்டியிருப்பார். ‘ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைங்க. மருந்து துளிக்கணக்கு. தூங்காத கை அதுக்கு ஆகாது’ என்று ஒரு முறை என் மனைவியிடம் சொன்னாராம். தலைவர் கிளினிக்குக் கிளம்புவது எட்டே முக்காலுக்கு.

கூட்ட அறிவிப்பை நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். ‘புகைக்குழாய் மாற்றம்’ என்றால் ஏன் என்று கேட்பார்கள். ‘ஒலி மேம்பாடு’ என்றால் உடனே புரிந்துவிடும். நாள் கேட்பதற்காக மெக்கானிக் போன் செய்தார். “சைலன்சர் எப்ப மாட்டலாம் சார்?” என்றார். எனக்குப் பொறி தட்டியது. சத்தத்தை அடக்குகிற குழாய்க்கும் சைலன்சர் என்றுதான் பெயர். சத்தத்தை அவிழ்த்துவிடுகிற குழாய்க்கும் சைலன்சர் என்றுதான் பெயர். மெக்கானிக்குகள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பொய் எழுதவில்லை. ‘தலைவரின் வாகனத்துக்கு உயர்தர சைலன்சர் பொருத்துதல் குறித்து’ என்று எழுதினேன்.

மனைவி அதை வாசித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“பேரு சைலன்சர். அது பண்ணப்போற வேலை என்னங்க?”

அறிவிப்பில் பெயர்தான் வரும், வேலை வராது என்றேன்.

“அந்த சிஸ்டர் கேப்பாங்க. அப்ப என்ன சொல்வீங்க?”

செயற்குழு ஞாயிறு காலை எட்டேகாலுக்குக் கூடியது. விவாதம் உயர்ந்த தரத்தில் நடந்தது. ஓய்வு பெற்ற தட்டச்சர் ஒருவர், ‘உயர்தர’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒற்று மிகுமா என்று ஆட்சேபம் எழுப்பினார். பதினோரு நிமிடம் அதற்கே போயிற்று. இருக்கிற காரே சத்தமில்லாமல் ஓடும்போது அதற்கும் மேலே சைலன்சர் பொருத்த முன்வந்த தலைவரின் ‘சமூக அக்கறை’யை ஓர் உறுப்பினர் மெச்சினார். விஷயம் தெரிந்தவர்களும் அறையில் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கு வேர் சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. இன்னொருவருக்குக் கீழ்ப்பல் செட் அளவெடுத்து வரவேண்டியிருந்தது. எங்கள் செயற்குழுவில் பாதிப் பேரின் வாய் தலைவர் கையில்.

நர்ஸ் டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். கைப்பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. சம்மதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வாங்கி வாசித்தார். எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது, பஸ்ஸில்தான் போகிறேன் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார்.

“சைலன்சர்னா சத்தத்தைக் குறைக்கிறதுதானே சார்?”

எதிரே தலைவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருக்கையும் நினைவுக்கு வந்தது. இவ்வளவுக்கும் அந்த அம்மாள் வேறு யாரையும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

“பேர்லயே இருக்கே சிஸ்டர்,” என்றேன்.

அவர் சிரித்தார். டாக்டருக்கு நல்ல மனசு என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒற்று மட்டும் நிலுவையில் வைக்கப்பட்டது.

புதன்கிழமை சைலன்சர் பொருத்தப்பட்டது. வியாழன் காலை எட்டே முக்காலுக்கு எங்கள் கட்டடம் ஒரு புதிய யுகத்தில் நுழைந்தது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் சாய்ந்தது. வண்டி சூடாக வேண்டும் என்பதால் தலைவர் நான்கு நிமிடம் அடியிலேயே நின்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பிறகு சாய்தளத்தில் ஏறினார். நர்ஸ் தண்ணீர்த் தொட்டி வெடித்துவிட்டது என்று நினைத்து, கலைந்த தலையோடு வெளியே ஓடிவந்தார். தம் காரைப் பார்க்கக் கடைசியில் ஒருவர் வெளியே வந்துவிட்ட மகிழ்ச்சியில், தலைவர் அவருக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே நர்ஸிடமிருந்து புகார் வந்தது. நான் உரிய முறையில் பதில் அனுப்பினேன். ‘தங்கள் எழுத்து மூலச் சம்மதம் கோப்பில் பத்திரமாக உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். இரண்டாவது புகாரில், கிளம்பும்போது அந்த நான்கு நிமிடத்தையாவது விட்டுவிடக் கூடாதா என்று கேட்டிருந்தார். தலைவர் அதைப் பரிவோடு பரிசீலித்தார். எஞ்சின் பாவம் என்று முடிவு செய்தார்.

நர்ஸ் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் பார்த்தார். கடைசியில் குளியலறைக்கும் அடுக்களைக்கும் நடுவே இருந்த நடையில் பாய் போட்டுப் படுத்தாராம். இதையெல்லாம் என் மனைவிதான் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவள் என்னோடு பேசியது காப்பி வேண்டுமா வேண்டாமா என்பது வரைதான்.

ஐந்தாவது வாரம் வார்டில் ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றும்போது, நர்ஸ் அளவில் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு நர்ஸ் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இவராகவே மேலதிகாரியிடம் போய், என்னை இந்த வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதச் செயற்குழுவுக்கு அவர் வந்தார். சைலன்சர் தீர்மானத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒற்று பற்றிய விவாதம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேனே சார். அது அதுல இருக்கா?”

இல்லை என்றேன். குறிப்பில் இல்லாதது கூட்டத்தில் நடக்காதது என்று தட்டச்சர் விதியை எடுத்துச் சொன்னார். அவருக்கு அப்போதுதான் புதுப் பல் செட் வந்திருந்ததால் ‘ச’ எல்லாம் விசிலாக வந்தது.

நர்ஸ் தலையாட்டினார். சண்டை போட வரவில்லை என்றார். என்னை ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள், இனி பகல் வேலைதான், காலை எட்டரைக்கே கிளம்பிவிடுவேன், ஆகவே சங்கத்துக்கு என்னால் தொந்தரவு இருக்காது என்றார். பிள்ளைகளை இனிப் பார்க்க முடியாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னார். பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்ததற்காகத் தலைவர் அவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாசல் வரை கொண்டுவிடுவது செயலாளரின் கடமை. போனேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கோபமில்லாமல்தான் பேசினார்.

“காருக்கு மாட்டினது சைலன்சர் இல்ல சார். அது நீங்கதான். நல்லா வேலை செய்யறீங்க.”

செயலாளராக இருந்த இந்த ஆறு வருடத்தில் என் பணியைச் சரியாகப் புரிந்துகொண்டு பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.