உதிரிப்பாகம் எண் 4417

மனித குலத்துக்கு ஜெர்மானியர்கள் அளித்த கொடைகளில் தலையாயது எது என்று யாராவது கேட்டால், 'டாக்ஸ்லர் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் உதிரிப்பாகப் பதிவேடு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நாலாயிரத்துச் சொச்சம் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு வரைபடம், ஒரு முத்திரை. பதிவேட்டில் இல்லாத ஒன்றைக் கண்ணால் பார்த்தாலும் நம்பக்கூடாது என்பது ஓபர்க்ளிங்கன் ஊரில் வேலைக்குச் சேரும் அன்றே சொல்லித்தரப்படும் பாடம்.

இந்த உயர்ந்த நெறியை ஒரே ஒருவர் மீறினார். அவர் பெயர் எம்மரிக் ஸோலர். தொழிற்சாலையின் சோதனை ஓட்டுநர்.

போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் எல்லாருக்கும் எங்காவது போகவேண்டியிருந்தது. போவதற்குத்தான் வண்டி இல்லை. டாக்ஸ்லர் வந்தது. கறுப்பு நிறம். வேறு நிறம் கேட்டவர்களுக்கு, 'தங்கள் ஆசை பரிசீலிக்கப்பட்டது' என்று அச்சடித்த அட்டை போனது. அட்டையும் கறுப்பு. அப்படியும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் லட்சமாவது வண்டிக்கு ஊசியிலை மாலை சூட்டி, பேண்டு வாசித்து, மேயர் கண் கலங்கினார். அந்த வண்டியில் வளாகத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தவர் எம்மரிக்தான். அன்று நல்ல வெயில். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

எம்மரிக்குக்கு வந்தது. தினமும் மலைப்பாதையில் நூற்றெண்பது கிலோமீட்டர் ஓட்டுபவர் அவர். மழை பிடித்துக்கொண்டால் ரயில் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு டாக்ஸ்லர்காரர்கள் ரப்பர் கோட்டைப் பிழிந்துகொண்டு நிற்பார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். அடுத்த வருஷம் பாலத்தடியில் நாலு பேர்தான். மற்றவர்கள் முட்டை மாதிரி இருந்த குட்டிக் கார்களுக்குள் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கையாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வருஷம் எம்மரிக் மட்டும் நின்றார். கூரை போட்ட வண்டி ஒன்று செய்யாவிட்டால் தொழிற்சாலையை இழுத்து மூடவேண்டியதுதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மனைவி வால்புர்கா மடியில் பிளம்ஸ் கேக்கோடு, வண்டியின் பக்கத்தில் தொட்டி மாதிரி ஒட்டியிருக்கும் சைடுகாரில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போவாள். போய்ச் சேரும்போது அது பிளம்ஸ் சூப்பாகியிருக்கும்.

"இங்க பாரு எம்மரிக், இனிமே இந்தத் தொட்டியில நான் ஏறமாட்டேன். குளிக்கணும்னா வீட்டுலயே குளிச்சுக்கிறேன்."

"எல்லாம் மேலிடத்துல சொல்றேன்."

"அவங்க என்னிக்கு நீ சொல்லிக் கேட்டாங்க?"

"எழுதிக் கொடுத்தா கேப்பாங்க. நம்ம ஆளுங்க எழுத்துக்குக் கட்டுப்பட்டவங்க."

சோதனை அறிக்கையில் வண்டியைப் பற்றி நாற்பத்திரண்டு கட்டங்கள். ஓட்டுபவருக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் 'இதர' என்று ஒரு வரி இருந்தது. அங்கே எம்மரிக் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'மழை பெய்தது. ஓட்டுபவர் நனைந்தார்.'

மறுநாளே பதிவேட்டு அதிகாரி ஸ்ட்ரீபல் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஸோலர், யாரு நனைஞ்சது?"

"ஓட்டுறவன் சார்."

ஸ்ட்ரீபல் பதிவேட்டை முன்னும் பின்னும் மூன்று முறை புரட்டினார். "அப்படி ஒரு பாகமே நம்ம வண்டியில இல்லையே!"

"நான்தான் சார் மேல உக்காந்து ஓட்டுறேன்."

"4416 இருக்கை. 4418 இருக்கைத் திருகு. நடுவுல நீங்க எங்கருந்து வந்தீங்க?"

விவகாரம் இயக்குநர் டாக்டர் டாக்ஸ்லரிடம் போனது. நியாயமான மனிதர். எண் இல்லாத பாகத்தின் மீது குறை சொன்னால் பரிசீலிக்க முடியாது. ஆகவே முதலில் எண் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். தோல் கருவிப்பை கைவிடப்பட்டதால் 4417 காலியாக இருந்தது. எம்மரிக்குக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் இருப்பதாக எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

ஒருவர் இரண்டு பட்டியலில் இருக்கக்கூடாதென்பதால், ஊழியர் பட்டியலிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டது. அது வெறும் சம்பிரதாயம் என்றார்கள். வரைபடக்காரர்கள் முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என மூன்று படம் வரைந்தார்கள். இடுப்பளவு தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். கூடுதல் குறைவு அரை சென்டிமீட்டர் வரை அனுமதி. கிறிஸ்துமஸ் வாத்து விருந்துக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் எம்மரிக் மூன்று சென்டிமீட்டர் அதிகமாக இருந்தார். கழுத்தில் 'பழுது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டி, கிடங்கில் ஒன்பது நாள் உட்காரவைத்தார்கள். நண்பர்கள் அந்தப் பக்கம் போகும்போது அலமாரி எண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் அறிக்கை விவாதத்துக்கு வந்தது. மொத்தம் பதினோரு கூட்டங்கள். மழை வடிவமைப்புத் துறையைச் சேர்ந்ததா, விற்பனைத் துறையைச் சேர்ந்ததா என்று முடிவுசெய்யவே ஆறு கூட்டம் ஆனது. அதற்குள் விற்காத வண்டிகள் சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னல்வரை அடுக்கப்பட்டுவிட்டன. பதினோராவது கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'மழை எமது தயாரிப்பு அல்ல.'

இந்த 'மகத்தான தெளிவு' உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது: 'டாக்ஸ்லர் நனைவதில்லை!' ஈரக்காற்றுக்குப் பத்திரிகையை மடித்துக் கோட்டுக்குள் நெஞ்சில் செருகிக்கொள்வது அந்தப் பக்கத்து ஓட்டுநர்களின் வழக்கம். எம்மரிக்கும் செருகிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மை முழுக்க இடவலம் மாறிப் பனியனில் இறங்கியிருந்தது. வால்புர்கா அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"டாக்ஸ்லர்... நனைவதில்லை. சரியாத்தான் போட்டிருக்கான். நனைஞ்சவன் நீதானே?" என்றவள் சிரித்தாள். பிறகு அவர் இருமுவதைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டு, துண்டெடுத்துத் தலையைத் துவட்டினாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் நவம்பரில் தொழிற்சாலையை மூடினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கடைசிக் கூட்டம். வெளியே அடைமழை. இயக்குநர் வாசல்வரை காரிலேயே வந்து, ஒரு சொட்டுக்கூடப் படாமல் இறங்கினார்.

எம்மரிக்கால் பொறுக்க முடியவில்லை. "டைரக்டர் சார், நீங்களே கார்லதான் வர்றீங்களா?"

"என்ன பண்றது ஸோலர்? எனக்கு நம்பர் கிடையாதே. நான் நனைஞ்சா எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?"

ஸ்ட்ரீபல் மேடையேறி, வேலையிழந்தவர்களுக்கு நன்றிச் சான்றிதழ் கொடுத்தார். ஆயிரத்து எழுநூறு பெயர்களும் வாசிக்கப்பட்டன. எம்மரிக் பெயர் வரவில்லை.

"சார், எனக்கு?"

"அது ஊழியருக்கு மட்டும். நீங்க கையிருப்பு."

"சரி சார், அது போகட்டும். நான் எழுதின அந்த ஒரு வரி? அதையாவது ஏத்துக்கிட்டீங்களா?"

"ஏத்துக்காம இருப்போமா! இறுதி அறிக்கையில ஒரு எழுத்து மாறாம சேர்த்திருக்கோம்," என்று ஸ்ட்ரீபல் உணர்ச்சிவசப்பட்டார்.

எம்மரிக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கூடமே எழுந்து நின்றது. அறிக்கை வாசிக்கப்பட்டது.

'வீழ்ச்சிக்கான காரணம்: நாலாயிரத்துச் சொச்சம் பாகங்களும் சோதிக்கப்பட்டன. ஒன்றைத் தவிர யாவும் குறையற்றவை. குறையுள்ளது 4417. ஆதாரம், அதன் சொந்த வாக்குமூலம்: மழை பெய்தது, ஓட்டுபவர் நனைந்தார்.'

எல்லாரும் திரும்பி எம்மரிக்கைப் பார்த்தார்கள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அறிக்கையின் கடைசி வரி நிறுவனத்தின் பெருந்தன்மைக்குச் சான்று. அதே பழுது வாடிக்கையாளர்கள் அத்தனை பேரிடமும் இருந்ததாம். அவர்களைத் திருப்பி வரவழைத்துச் சரிசெய்ய நிறுவனம் கடைசிவரை தயாராகவே இருந்ததாம். அவர்கள்தான் காரில் ஏறிப் போய்விட்டார்களாம்.